அடி அண்ணாமலைக் குளத்தில் இரண்டு கேமராக்கள்

2005 ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. வேலூரில் மதிய பஸ்ஸைப் பிடித்தபோது எங்களிடம் இரண்டு டிஜிட்டல் கேமராக்கள் இருந்தன. இரண்டுமே இரவல். தீபாவளிக்கு ஒன்று வாங்குவதென்று நானும் என் கணவர் குமரனும் முடிவு செய்திருந்தோம். எதை என்பதில்தான் இழுபறி. அவர் நண்பரிடம் வாங்கி வந்தது லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமரா. மங்கிய வெளிச்சத்திலும் பிளாஷ் இல்லாமல் எடுக்கும்; ஆனால் கழுத்தை இழுக்கும் கனம், உடம்பெல்லாம் பொத்தான்கள். என் தங்கையுடையது உள்ளங்கைக்குள் அடங்கும். அழுத்தினால் படம், அவ்வளவுதான். பொழுது சாய்ந்துவிட்டால் மட்டும் பிளாஷ் இல்லாமல் ஒன்றும் தெரியாது. எண்பது கிலோமீட்டர் போய்த் திருவண்ணாமலையில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

வேங்கிக்கால் தாண்டும்போதே மலை ஜன்னலை அடைத்துக்கொண்டது. பிற்பகல் முழுக்க என் கேமராவுக்குத்தான் வெற்றி. தேரடி வீதியில் மாடு ஒன்று கடைக்காரரின் வாழைப்பழச் சீப்பைக் கவ்விக்கொண்டு ஓடியதை நான் எடுத்துவிட்டேன். குமரன் இன்னும் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார்.

மாலையில் மலையைச் சுற்றிவர நூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினோம். ஓட்டுநர் பெயர் ஏழுமலை. பௌர்ணமி அன்று கால் வைக்க இடமிருக்காது என்று அவர் சொன்ன பாதையில் எங்களைத் தவிர யாருமில்லை. அடி அண்ணாமலையை நெருங்கும்போது பாதையை விட்டு உள்ளே தள்ளி ஒரு பழைய குளம் தெரிந்தது. இறங்கினோம். ஒரு பக்கம் மட்டும்தான் படி. மற்ற மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர், அதன்மேல் கருவேல முள்.

சூரியன் மறைந்துவிட்டிருந்தது. குளத்துக்குள் கீழ்ப்படிகள் தெரியவில்லை. தவளைச் சத்தம்கூட இல்லை. நான் எடுத்த படத்தில் பிளாஷ் பட்ட மேல்படிகள் வெள்ளையாகவும் மீதியெல்லாம் கறுப்பாகவும் இருந்தன. குமரன் பெரிய கேமராவைக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் வைத்து எடுத்தார். திரையைப் பார்த்துவிட்டுக் கேமராவை என்னிடம் நீட்டினார்.

படத்தில் இருட்டே இல்லை. விடிகாலை போல ஒரு சாம்பல் வெளிச்சம். தண்ணீர் ஓரம் கடைசிப் படியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நின்றிருந்தாள்.

தலையைத் தூக்கிக் குளத்தைப் பார்த்தேன். என் கண்ணுக்கு வெறும் கறுப்புதான். குமரன் குரல் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு முனகல் வந்தது.

வெளிச்சம் வேண்டும். யாரிடமும் டார்ச் இல்லை. பெரிய கேமராவின் பிளாஷை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சின்னதை முன்னால் நீட்டி அழுத்திக்கொண்டே இறங்கினேன். ஒவ்வொரு மின்னலுக்கும் நாலைந்து படி தெரியும், பிறகு ஒன்றுமிருக்காது, அடுத்த மின்னல் வரும்வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அந்த இடைவெளிகளில் யாரோ என் தோளை உரசியபடி மேலே ஏறிப் போவதுபோல் இருந்தது. குமரனாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த மின்னலில் அவர் எனக்கு இரண்டு படி கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

கீழே ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் பச்சையம்மாள் என்றாள். முகம் கழுவ இறங்கி, பாசியில் வழுக்கித் தொடையெலும்பு முறிந்து, மத்தியானத்திலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறாள். அவள் முதலில் கேட்டது இதைத்தான்:

"கூட இருந்தவங்க எங்கம்மா? ஆளக் கூட்டினு வரேன்னு இப்பத்தான் மேல போனாங்க."

யாரும் மேலே வரவில்லை என்றார் ஏழுமலை. மேல்படியிலேயே அவர் நின்றிருந்தார். மூவருமாக அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று ஏழுமலை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு லாட்ஜில் தங்கினோம். கேமரா அசைந்து ஒருத்தியே இரண்டாகத் தெரிந்திருப்பாள் என்றார் குமரன். அசைந்திருந்தால் படிகளும் இரண்டாகத் தெரியுமே என்றேன். படிகள் கோடு கிழித்தாற்போல் தெளிவாக இருந்தன.

ஞாயிறு காலை பச்சையம்மாளைப் பார்க்கப் போனோம். காலில் கட்டுடன் படுத்திருந்தாள், அண்ணன் பக்கத்தில் இருந்தார். கேமராத் திரையை அவளிடம் காட்டினோம். நிற்பவள்மேல் விரலை வைத்தாள்.

"இவங்கதாங்க. தண்ணிக்குள்ள சரிஞ்சிடாம முந்தானையப் புடிச்சினு இருந்தாங்க." சற்று யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "போயிட்டாங்களா, இன்னும் அங்கியே நிக்கறாங்களா?"

குமரன் கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் வேங்கிக்காலில் நல்ல வெயில். மலை பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது. பெரியது இல்லாவிட்டால் அவளைப் பார்த்திருக்கவே மாட்டோம் என்றார் அவர். சின்னது இல்லாவிட்டால் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம் என்றேன் நான். இரண்டும் உண்மைதான்.

தீபாவளிக்குச் சின்னதைத்தான் வாங்கினோம். பிள்ளைகள்கூட எடுக்கலாம், அதனால்தான் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். சாயங்காலமானால் அதன் படங்கள் கறுப்பாக வருகின்றன. எனக்கு அது போதும்.