காது கேளாத ஏழுமலைக்குக் கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணிப் பக்கம் கிணறுகளுக்குச் சைடு போர் போட்டுக்கொண்டிருந்தேன். அதாவது வற்றிய கிணற்றுக்குள் இறங்கி, சுவரில் படுக்கைவாட்டில் துளை போடுவது. என்னோடு துளையிடும் இரும்பு ராடு பிடித்தவர் ஏழுமலை அண்ணன். முன்பு கிணறு வெட்ட வைத்த வெடி ஒன்றில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது, வாயசைவைப் பார்த்துத்தான் பேசுவார். ஆனால் அவர் உள்ளங்கை இருக்கிறதே, அதற்கு என் டிப்ளமோ ஈடாகாது. ராடு மேல் கையை வைத்து, உள்ளே வருவது வெறும் காற்றா, நுரையா, தண்ணீரா என்று சொல்லிவிடுவார்.

"படுத்த போர்ல காத்து மேல ஓடும், தண்ணி கீழ ஓடும் தம்பி. தண்ணி எழும்பி காத்து வர்ற வழியை அடைச்சுதுன்னா, பின்னாடி காத்து சேர்ந்துகினே இருக்கும். அப்புறம் மொத்தமா தூக்கி அடிக்கும்" என்பார். எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிப் புரியவைத்ததில்லை.

அன்று சேவூரில் ஒரு கிணறு, பட்டப்பகல். ராடுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் மேலே போடுகிற சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. துளையிலிருந்து மெலிசாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, அண்ணன் இன்னொரு ராடு கேட்டுக் கை நீட்டினார். எடுக்கக் குனிந்தேன். திடீரென்று அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார், அடுத்த நொடி என் சட்டையைப் பிடித்துப் படிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். பத்துப் படி ஏறியிருப்போம், நம்புங்கள், உள்ளேயிருந்து ராடெல்லாம் ஈட்டி மாதிரி பாய்ந்து எதிர்ச் சுவரில் போய்க் குத்தின, பின்னாலேயே கல்லும் சேறும் வெள்ளை நுரையுமாகத் தண்ணீர். நான் குனிந்திருந்த இடம் அதே நேர்கோட்டில்தான்.

கம்ப்ரசரை நிறுத்தியதும், "கையில தெரிஞ்சிதாண்ணா?" என்று வாயசைத்தேன்.

"இல்ல தம்பி, கை இன்னொரு ராடு போலாம்னுதான் சொல்லிச்சு. என் ஊட்டுக்காரி கூப்ட்டா. 'ஜல்தியா மேல வாய்யா'ன்னா. கட்டைக் குரலு."

அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் முள்ளிப்பட்டில் அவர் வீட்டில் அவரை இறக்கிவிடப் போனேன். அன்றுதான் அவர் மனைவியை முதன்முதலாகப் பார்க்கிறேன். தறியிலிருந்து எழுந்து வந்து, "வாங்க தம்பி" என்றார். ஆம்பளைக் குரல் மாதிரி கட்டையான குரல். நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"மத்தியானம் தறில நெய்துகினு இருக்கேன், என்னான்னே தெரியல தம்பி, 'மேல வாய்யா'ன்னு கத்திட்டேன். பக்கத்து ஊட்டுக்காரங்க ஓடியாந்துட்டாங்க."

தற்செயல் என்று இதையும் தள்ளியிருப்பேன். புருஷன் பொண்டாட்டி, குரல் மனசில் பதிந்திருக்கும், அவ்வளவுதான் என்று சமாதானமாகி வண்டியை எடுக்கும்போது, "அண்ணனுக்குக் காது போயி எத்தனை வருஷம் ஆச்சு அண்ணி?" என்று கேட்டு வைத்தேன்.

"கண்ணாலத்துக்கு முன்னாடியே போயிடுச்சு தம்பி. என் குரலு எப்டி இருக்கும்னே அவருக்குத் தெரியாது."