எழுபத்தோராயிரத்து ஐந்நூறில் நான் நிறுத்தினேன்

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. வானம் மூடியிருந்தது. ஓசூரில் அந்த மாதத்தில் வீசவேண்டிய குளிர்காற்று இல்லை, புழுக்கம். சீட்டக்கா வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மூன்றாம் வேகத்தில்தான் சுற்றியது. அதற்கடியில் இருந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். வயதுக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

சீட்டக்கா என்று எங்கள் தெருவே கூப்பிடும் அந்த அம்மாள் மூன்று லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு நடத்திவந்தார். இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு மாதம் பதினைந்தாயிரம். முதல் சீட்டு நடத்துகிறவருக்கு. அதன் பிறகு மாதாமாதம் முதல் ஞாயிறு ஏலம். பணம் அவசரமாக வேண்டியவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாரோ அதற்குத் தள்ளு என்று பெயர். அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையை இருபது பேரும் பிரித்துக்கொள்வார்கள்.

என் மகனும் மருமகளும் அதில் ஒரு சீட்டுப் போட்டிருந்தார்கள். அவன் இருசக்கர வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவள் கைப்பேசிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர். இருவர் சம்பளமும் சேர்ந்து நாற்பத்தெட்டாயிரம். வாடகை ஒன்பதாயிரம். பேத்திக்கு அப்போது மூன்று வயது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது நான். ஆயா வைத்தால் மாதம் ஆறாயிரம் ஆகும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாரும் எழுதமாட்டார்கள் என்பதால்.

அவர்கள் சேமித்த விதத்தைக் குறை சொல்லமாட்டேன். தக்காளி, கத்திரிக்காய் எல்லாம் உழவர் சந்தை மூடும் நேரத்தில்தான். பால் பாக்கெட் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியுடையது. லிட்டருக்கு விலை குறைவு. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அரைக் கிலோ கேக், அவ்வளவுதான். மருமகள் கம்பெனியில் கொடுக்கும் சாயங்கால பிஸ்கட்டைத் தின்னாமல் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். இருபத்தெட்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். நட்டும் போல்ட்டும் எண்ணியே பழகியவன். அவர்கள் எண்ணியது எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாம் ஒரு சைட்டுக்காக. மற்ற ஊர்களில் மனை என்பார்கள். பெங்களூர்க் காற்று அடிக்கும் எங்கள் ஊரில் சைட். தளி ரோட்டில், இருபதுக்கு முப்பது, கிழக்குப் பார்த்தது. சதுர அடி ஆயிரத்து முந்நூற்றைம்பது வீதம் எட்டு லட்சத்துப் பத்தாயிரம். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டாயிற்று. ஜூலை 12க்குள் மிச்சத்தைக் கட்டிப் பத்திரம் பதிய வேண்டும். வங்கியில் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் இருந்தது. நகையை அடகு வைத்தால் இரண்டரை லட்சம். மீதி இரண்டு லட்சத்து இருபதாயிரம் சீட்டிலிருந்து வரவேண்டும். பத்திரச் செலவை மருமகளின் அண்ணன் கைமாற்றாகத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரைபடம் நான்தான் போட்டேன். பின்பக்கம் எட்டுக்கு ஒன்பது ஓர் அறை. அதற்கு நான் பெயர் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு இருவருக்கும் வேலை. மகனுக்கு ஓவர்டைம், இரட்டைச் சம்பளம். அதை விடுவது முட்டாள்தனம் என்று நானே சொன்னேன். ஏலத்துக்கு என்னை அனுப்பினார்கள், பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு.

"எம்பதாயிரம் வரைக்கும் தள்ளலாம்பா. இந்தத் தடவ எடுத்துடணும்," என்றான் மகன், ஷூ மாட்டிக்கொண்டே.

மருமகள் வாசலில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவள் திரும்பி வந்து சொன்னாள்: "மாமா, எம்பதுன்னா எம்பதுதான். கணக்குப் பாத்துக்கினு உக்காந்துடாதீங்க."

ஏலம் ஐம்பதாயிரத்தில் தொடங்கியது. அறுபது வரை ஐந்தாறு பேர் விளையாட்டுக்குக் கேட்டார்கள். அறுபத்தைந்துக்கு மேல் நானும் ஒரு கம்பெனி வேன் டிரைவரும்தான். அவருடைய மகளுக்குக் காலேஜ் சேர்க்கை.

"அறுவத்தொம்போது," என்றேன்.

"எழுவது," என்றார் டிரைவர்.

"எழுபதாயிரத்து ஐந்நூறு."

"ஐநூறு ஐநூறா ஏத்தறாரு பாரு பெருசு, கறிகாய் கடையில நிக்கறாப்ல," என்றார் பின்னாலிருந்த ஒருவர். கூடம் சிரித்தது.

"எழுவத்தொண்ணு."

"எழுபத்தொன்று ஐந்நூறு," என்றேன்.

"எழுவத்திரண்டு," என்றார் டிரைவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சார், விட்டுக்குடுங்க சார். திங்கக்கெழம பீஸ் கட்டணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னடக்காரர் என் முழங்கையைத் தொட்டு, "சாகு பிடி சார், அடுத்த மாசம் உங்களுக்கு சல்லிசா வரும்," என்றார். போதும் விடு என்கிறார்.

அவர் சொல்லி நான் விடவில்லை. எனக்கு முன்பே தெரியும். இரண்டாம் மாதம் தள்ளு ஒரு லட்சத்து ஐந்தாயிரம். ஐந்தாம் மாதம் எண்பத்தெட்டு. ஏழாம் மாதம் எழுபத்தாறு. மாதம் ஏற ஏறத் தள்ளு இறங்கும். சீட்டின் இயல்பு அது. அடுத்த ஏலம் ஜூலை 7. கெடு ஜூலை 12. இடையில் ஐந்து நாள். ஒரு மாதம் பொறுத்தால், போட்டிக்கு டிரைவரும் இருக்கமாட்டார், பத்தாயிரத்துக்குக் குறையாமல் மிஞ்சும். அவர்கள் இருவரும் ஒரு ரூபாய் பிஸ்கட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருகிற வீட்டில் பத்தாயிரம் என்பது என்ன?

சீட்டக்கா, "எழுவத்திரண்டு ஒருதரம்... ரெண்டுதரம்... அண்ணா, கேக்கறீங்களா?" என்றார்.

தலையசைத்து மறுத்தேன். மூன்றுதரம் ஆயிற்று. டிரைவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் காபி வந்தது. சர்க்கரை அதிகம்.

மாலையில் மழை கொட்டியது. மகன் தொப்பலாக நனைந்து வந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி, அடுத்த மாசம் எடுத்துக்கலாம்," என்றான். மருமகள் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனாள். பேத்திக்கு அன்று இரண்டு பிஸ்கட் குறைவாகத்தான் வந்தது. மழையில் பொட்டலம் நனைந்துவிட்டது.

ஜூன் கடைசியில் ஓசூருக்கு விமான நிலையம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. தெருவில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள்தான் வெடித்தார்கள்.

ஜூலை 3 அன்று சீட்டக்காவின் மாமியார் இறந்துபோனார். தொண்ணூறு வயதுக் கிழவி. நடமாட்டம் நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. ஏலத்துக்கு நாலு நாள் முன்னால் போனார்.

தீட்டு வீட்டில் பணம் கைமாறக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் ஏலம், ஜூலை 21இல். மருமகள் துக்கம் விசாரிக்கப் போன இடத்திலேயே கெஞ்சியிருக்கிறாள்: வேறு யார் வீட்டிலாவது வைத்து முடித்துக் கொடுங்கள் அக்கா என்று. "தீட்டுப் பணத்தை வாங்கிக்கினு போய் வாழற எடத்த வாங்குவியாம்மா? உன் கொழந்தைக்கு நல்லதா அது?" என்று சீட்டக்கா கேட்டிருக்கிறார். அவளும் அதை நம்புகிறவள்தான்.

ஒன்பதாம் தேதி இரவுச் சாப்பாட்டின்போது மகன் மெதுவாக ஆரம்பித்தான்.

"அப்பா, உங்க டெபாசிட்..."

"அதற்கு என்ன?"

"அதும்மேல ஒரு பத்து நாளுக்குக் கடன் வாங்கினா... சீட்டு வந்ததும் கட்டிடலாம்."

நான் ஓய்வு பெற்றபோது கிடைத்ததில் மிஞ்சியது நாலு லட்சம். மாதப் பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் மாத்திரை மட்டும் வாங்கலாம். அந்த டெபாசிட்டை நான் ஏன் தொடுவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அவன் அம்மாவைப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று என் கையில் பதினோராயிரம் இருந்தது. முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். அவளை சக்கர நாற்காலியில் வராந்தாவில் விட்டுவிட்டு, மூன்று பேருக்குப் போன் செய்து, மூன்று வட்டிக்கு வாங்கினேன். பணம் வந்தபோது மாலை. படுக்கை கிடைத்து இரண்டாம் நாள் போய்விட்டாள். முன்பணம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"சைட்காரரிடம் தவணை கேட்போம்," என்றேன். "ஒன்பது நாள். கொடுக்கமாட்டானா மனுஷன்?"

மருமகள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் தட்டோடு எழுந்து போனாள்.

மறுநாள் நானும் மகனும் தளி ரோட்டு அலுவலகத்துக்குப் போனோம். சைட்காரர் தெலுங்கு பேசுகிற மனிதர். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்.

"பெங்களூர்லருந்து ரெண்டு பார்ட்டி வந்து போச்சி சார். அடி ஆயிரத்தி எட்நூறுக்குக் கேக்கறாங்க. ஆனா நான் பேச்சு மாறமாட்டேன். பன்னெண்டாந்தேதி சாய்ந்தரம் வரைக்கும் உங்க சைட் உங்களுதுதான்."

"ஒன்பது நாள் மட்டும் தள்ளிக் கொடுங்கள்," என்றேன்.

"ஒம்போது நாளா? அதுக்குள்ள ஆடி பொறந்துடும் சார். ஆடில எவன் பத்திரம் பண்ணுவான், நீங்களே பண்ணுவீங்களா? அப்ப ஆவணி. ஆவணி வரைக்கும் நான் வாயில விரல் வெச்சுக்கினு உக்காந்திருக்கணுமா?"

"அட்வான்ஸ்?" என்றான் மகன்.

"அக்ரிமென்ட்ல இருக்குதே தம்பி. கெடு தாண்டினா திரும்ப வராதுன்னு. ஐயா படிச்சவர்தானே, படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பாரு?"

படித்துப் பார்த்துத்தான் சொன்னேன். மூன்று முறை படித்தேன். எழுத்துப்பிழைகூடத் திருத்திக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது பைக்கில் மகனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் கை அவன் தோளில் இருந்தது. மேடு பள்ளத்தில்கூட அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. பன்னிரண்டாம் தேதி மாலையோடு சைட்டும் போயிற்று, அட்வான்ஸும் போயிற்று.

ஜூலை 21, ஆடி ஐந்து. கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, யாருக்கும் பணம் தேவையில்லை. இம்முறை ஏலத்துக்கு மருமகள் லீவு போட்டுவிட்டுத் தானே போனாள். ஐம்பத்திரண்டாயிரத்துக்குச் சீட்டு அவளுக்கு நின்றது. கைக்கு வந்தது இரண்டு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். நான் ஜூன் மாதம் எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டு எடுத்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட இருபதாயிரத்து ஐந்நூறு அதிகம். என் கணக்கு சரிதான். அதை அன்றைக்கு வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் சரியாக வந்த கணக்கைச் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் பணம் பற்றி என் எதிரே பேசுவதை நிறுத்தினார்கள். சம்பளம் எவ்வளவு ஏறியது, அடுத்த சீட்டு எது, ஒன்றும் தெரியாது. நான் கூடத்துக்கு வந்தால் கைப்பேசியில் கால்குலேட்டரை அணைப்பார்கள். காய்கறி விலை மட்டும் என்னோடு பேசினார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, இந்தப் பொங்கல் முடிந்த வாரம், சூளகிரிப் பக்கம் ஒரு சைட் பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். அதே இருபதுக்கு முப்பது. தெற்குப் பார்த்தது. கம்பெனிக்குப் போக முக்கால் மணி நேரம். பதினொரு லட்சத்து நாற்பதாயிரம்.

"தளி ரோட்டைவிட மூன்று லட்சத்து முப்பதாயிரம் அதிகம்," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மருமகள் கரும்புத் துண்டைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆமா மாமா. மூணு முப்பது. போன அட்வான்ஸ் அம்பது. மொத்தம் மூணு எம்பது. அதுல நீங்க சீட்டுல மிச்சம் புடிச்சுக் குடுத்த இருபதாயிரத்தி ஐநூற கழிச்சுடறேன். அது உங்க ஒழைப்பு. மூணு அம்பத்தொம்போதாயிரத்தி ஐநூறு. சரியா வருதா?"

"ஏய், விடு," என்றான் மகன்.

"நான் கேக்கலயே. கணக்குதான் சொன்னேன். மாமாவுக்குப் புடிக்குமேன்னு."

சரியாகத்தான் வந்தது. நான் மனதுக்குள் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "ஏன் தாத்தா உடைக்கறீங்க, மே மாசம் முடிஞ்சுடுமே?" என்றாள். எழுதிக் கொடுத்தேன். முன்னால் உடைத்ததற்காக வட்டியில் இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு பிடித்தார்கள். மருமகள் சொன்ன மூன்று லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறை மகன் கணக்குக்கு மாற்றச் சொன்னேன். அவன் மாலையில் வந்து, "வேணாம்பா, உங்க ஆஸ்பத்திரிக்கு இருக்கட்டும்," என்றான். ஆனால் பணம் அவன் கணக்கில்தான் இருந்தது, அடுத்த வாரம் பத்திரம் பதிந்தார்கள்.

புது வரைபடம் இன்ஜினியர் போட்டது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, முன்னால் பைக் நிறுத்த இடம். பின்பக்க அறை இல்லை. பைக் நிறுத்தும் இடத்தை அளந்தேன். எட்டுக்கு ஒன்பது.

"மாமாவுக்கு ஹால்ல கட்டில் போட்டுடலாம்," என்றாள் மருமகள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது என் மேல் கோபம் எதுவும் இல்லை. கணக்குத் தீர்ந்துவிட்டது.

வங்கி பிடித்ததையும் சேர்த்து, மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து நூற்று அறுபத்தேழு ரூபாய்.