தூரத்துத் தூண்

எங்கள் வீட்டு முன்புறப் போர்ச்சில் காரைத் தூக்கிப் பழுதுபார்க்கும் லிஃப்ட் வந்து நின்ற நாளிலிருந்து அதைப் பார்த்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓர் இரும்புச் சாமானோடு பகை வைத்துக்கொள்ள அது சரியான வயதுதான். அம்மாவின் பூந்தொட்டிகள் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. கறிவேப்பிலைச் செடியை அப்பா பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நான் வாசற்படியில் உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்மா இறந்து அப்போது ஐந்து மாதம். அதற்கு முன் அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் லாரி மெக்கானிக்காக இருந்தார். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போவார், நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் திரும்புவார். திடீரென்று அந்த வேலையை விட்டுவிட்டார். மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து இரண்டு தூண் வைத்த பழைய லிஃப்ட்டை வாங்கி, இக்கரைத் தீவில் டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் மாடியில்லாத வரிசை வீட்டுக்குக் கொண்டு வந்தார். அம்மா போனதும் அப்பாவுக்கு விளையாட ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அதை நிறுத்துவதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. போர்ச்சின் தளத்தை உடைத்து, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டார். போட்டுவிட்டு இருபத்தெட்டு நாள் காத்திருந்தார். தினமும் சாயங்காலம் அதற்குத் தண்ணீர் பிடித்தார். ஒரு பூனை ஈரத்தில் நடந்து போய் நான்கு தடம் பதித்தது, அதைக்கூட விரட்டவில்லை. "பொண்டாட்டியோட முப்பதாம் நாள் பூசைக்குக்கூட இவன் இப்படி நாள் எண்ணல" என்றார் அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. பட்டர்வொர்த்தில் இருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஃபெர்ரியில் வந்து, எங்களை மாதா கோவிலுக்கு அழைத்துப் போய், ஒரு வாரத்துக்கு வேண்டிய குறைகளைச் சொல்லிவிட்டுத் திரும்புவார்.

பள்ளி விட்டு நான் வரும்போது மேசையில் மூடி வைத்த சோறு இருக்கும். அப்பா போர்ச்சில் இருப்பார், ஆனால் கழுத்து வரைக்கும்தான் இருப்பார். தலை, பழுதுக்கு வந்த காரோ வேனோ, ஏதாவது ஒரு காடியின் வயிற்றுக்குள் இருக்கும். தலையில்லாத அப்பாவிடம் கணக்குப் பாடம் கேட்க முடியாது. கேட்டுப் பார்த்தேன், "ம்" என்று மட்டும் பதில் வந்தது. அவர் அக்கரையில் இருந்தபோது அவர் இல்லை என்று தெரியும். பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு இல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சோற்றை எடுத்து வந்து படியில் உட்கார்ந்து, அவருடைய முழங்கால்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

வேறு வேலை இல்லாததால் அவர் காடி ஏற்றும் முறை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முதலில் லிஃப்ட்டின் நான்கு கைகளையும் காடிக்குக் கீழே சரியான இடத்தில் வைப்பார். ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்தி, பம்பரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவார். அசையவில்லை என்றால் ரேடியோவை அணைப்பார். அதற்குப் பிறகு யாரும் பேசக்கூடாது. காடி மேலே போகப் போக இந்தப் பக்கத் தூணில் 'டக்' என்று கேட்கும், உடனே தூரத்துத் தூணில் இன்னொரு 'டக்'. அவை, காடி கீழே நழுவாமல் தாங்கும் லாக் விழுகிற சத்தம். வேண்டிய உயரம் வந்ததும் லேசாகக் கீழே இறக்கி, காடியின் பாரத்தை இரண்டு லாக்கின் மேலும் உட்கார வைப்பார். அதன் பிறகுதான் அவர் தலை காணாமல் போகும்.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறன்று, பூசை முடிந்து வந்த அத்தை, மந்திரித்த ஓலையைச் சிலுவையாகப் பின்னி திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகினார். அது இருக்கும் வீட்டுக்கு ஒரு பொல்லாப்பும் வராது என்றார். சொன்ன வாயோடு, தேநீர் குடித்துக்கொண்டே போர்ச்சைப் பார்த்து அப்பாவிடம் பேச ஆரம்பித்தார்.

"இது ஒரு நாளு உன் தலை மேல விழுந்துச்சுன்னா இந்தப் பிள்ளைய யாரு பாக்குறது? பொம்பளப் பிள்ள, இப்படியா தனியா கிடக்கும்? என்கூட அனுப்பிடு லா."

அப்பா கோப்பைகளைக் கழுவினார். நான் அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். லிஃப்ட் விழும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. விழுந்தால் அப்பாவும் இல்லை, இந்த வீடும் இல்லை, பட்டர்வொர்த்தில் அத்தையின் குறைகளோடு நான் தனியாக இருக்க வேண்டும்.

அத்தையை ஃபெர்ரிக்கு ஏற்றிவிட அப்பா போனபோது நான் நாற்காலி மேல் ஏறி ஓலைச் சிலுவையை எடுத்தேன். பொல்லாப்பு எங்கே வருமோ அங்கேதானே அது இருக்க வேண்டும். பக்கத்துத் தூணில் வைக்க இடமில்லை. தூரத்துத் தூணில் என் நெஞ்சு உயரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திறப்பு இருந்தது. அதன் மூடி பழைய பட்டறையிலேயே தொலைந்துவிட்டிருந்தது. உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு. அதற்குப் பின்னால் சிலுவையை மடித்துத் திணித்தேன். வெளியே தெரியாத அளவுக்கு விரலால் தள்ளினேன். மூன்று முறை 'அருள்நிறைந்த' ஜெபம் சொல்லிவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

மறுநாள் மதியம் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாய் தன் வேனைக் கொண்டு வந்தார். பின்னால் அரிசி மூட்டைகள் இருந்தன. மூட்டைகளை இறக்கினால்தான் தூக்குவேன் என்றார் அப்பா.

"நாலு மூட்டதான் லா தம்பி. யான குட்டியா வச்சிருக்கேன்?"

"பாரம் பின்னால சாயும் பாய். இறக்குங்க."

பாய் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். நான் வழக்கம்போலச் சோற்றுத் தட்டோடு படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா உலுக்கிப் பார்த்தார், ரேடியோவை அணைத்தார், வேன் மேலே போனது. 'டக்.' அவ்வளவுதான். மறுபடியும் ஒரே ஒரு 'டக்.' சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஓலை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

வேன் தலை உயரத்துக்கு வந்ததும் அப்பா தூரத்துத் தூண் பக்கம் காதைச் சாய்த்து அதை நிறுத்தினார். பாய், எண்ணெய் ஒழுகும் இடத்தைக் காட்டுவதற்காகக் குனிந்து கீழே காலை வைத்தார். அப்பா அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பாய் என் தட்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி விழுந்தார். அப்பா யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை, அதிலும் வயதில் மூத்தவரை. அப்பா தூரத்துத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேனை இன்னும் கொஞ்சம் தூக்கி, லாக்கை விடுவித்து, மெதுவாகத் தரை வரைக்கும் இறக்கினார்.

தூரத்துத் தூணின் திறப்பில் டார்ச் அடித்து, ஸ்குரூ டிரைவரால் நெம்பி, அப்பா ஓலையை வெளியே எடுத்தார். நசுங்கி, கிரீஸ் பட்டு, சிலுவை என்று சொல்ல முடியாதபடி இருந்தது. பாய் தன் உள்ளங்கையைத் தட்டுப்போல விரித்து ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார். ஓலை அந்தப் பக்க லாக்கின் நாக்கை விழ விடவில்லை; வழக்கப்படி பாரத்தை லாக்கில் உட்கார வைக்க இறக்கியிருந்தால் இந்தப் பக்கம் நின்றிருக்கும், அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே போயிருக்கும். கை எந்தப் பக்கம் சாய்ந்ததோ, காடிக்கு அடியில் வேலை செய்யும்போது அந்தப் பக்கம்தான் அப்பா எப்போதும் நிற்பார்.

"பிள்ளைய அடிச்சிராதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு பாய் மூட்டைகளைப் பார்க்கப் போனார்.

அப்பா என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"ஏம்மா இத வச்ச?"

"அது விழுந்தா நான் அத்தை வீட்டுக்குப் போகணும்ல."

அவர் கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து பின்கட்டுக் குழாய்க்குப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. சோப்பு தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது போர்ச்சின் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. தூரத்துத் தூணின் திறப்புக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் மூடி வந்திருந்தது. உள்ளே இருந்த நாக்குக்குச் சிவப்பு அடித்திருந்தார். வாசல் கேட்டுக்கு அடித்ததில் மிச்சமிருந்த பெயிண்ட். அப்பா என்னைக் கோட்டின் மேல் நிறுத்தினார்.

"அந்தத் தூண் உன்னோடது. இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. சத்தம் வந்தா சொல்லு. நீ சொல்லாம நான் கீழ போக மாட்டேன்."

அன்றைக்கு என் பகை முடிந்தது. "வந்துச்சா?" என்று அவர் கேட்பார். "வந்துச்சுப்பா" என்பேன். பிறகுதான் கீழே போவார். போனாலும் அந்தக் கேள்வியோடு பேச்சு நிற்காது. பள்ளியில் என்ன நடந்தது, யார் யாரோடு சண்டை, வகுத்தல் கணக்கில் எது வரவில்லை, எல்லாம் கோட்டின் மேல் நின்றபடியே நடக்கும். சில காடிகள் நான் வரும்வரை தரையிலேயே காத்துக் கிடந்தன. காடிக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள், எனக்குப் பெருமை பிடிபடாது. அத்தை மறுபடியும் என்னை அனுப்பச் சொன்னபோது "அவ இல்லாம வேல ஓடாது" என்றார் அப்பா. நான் அதை அப்படியே நம்பினேன். காய்ச்சல் வந்த நாளில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றிருக்கிறேன்.

இப்போது நான் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா போர்ச்சிலிருந்து மூக்குக் கண்ணாடி கேட்டார். கொண்டு போய்க் கொடுத்தேன். முதல் முறையாகக் கோட்டைத் தாண்டி, லிஃப்ட்டின் சுவிட்ச் பக்கத்தில், காடியை ஏற்றும்போது அவர் நிற்கும் இடத்தில் நின்றேன். எதிரே தூரத்துத் தூணின் மூடிக்குள் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரிந்தது. அப்பா சுவிட்ச்சை அழுத்தினார். நாக்கு விலகும்போது சிவப்பு மறைந்தது, விழும்போது திரும்ப வந்தது. கேட்கவே வேண்டாம், பார்த்தால் போதும்.

"இங்கருந்தே தெரியுதேப்பா."

"தெரியும் லா. அதுக்குத்தானே அடிச்சேன்."

"அப்புறம் ஏன் என்னைக் கேட்டீங்க?"

அவர் காடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லாத நாளில் யாரைக் கேட்பீர்கள் என்றேன்.

"கேப்பேன். கேட்டுட்டு நானே பாத்துக்குவேன்."

பக்கத்தில் ஒரு 'டக்', தூரத்தில் ஒரு 'டக்'. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆளில்லாத மஞ்சள் கோட்டின் பக்கம் திரும்பி "வந்துச்சா?" என்றார். பழக்கம். நான் போய்க் கோட்டின் மேல் நின்று "வந்துச்சுப்பா" என்றேன்.

அந்த வீட்டில் தனியாக இருப்பது தான் ஒருத்தி மட்டும்தான் என்று படியில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது வயதுப் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள்.