கணக்கு வாத்தியாரின் கணக்கில் யாரோ

அந்த வங்கியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வாடிக்கையாளர் கணக்குகளில் ஆள்மாறாட்டத் திருடன் எவனாவது புகுந்திருக்கிறானா என்று பார்ப்பது அவள் வேலை. பிடித்தால் மேலாளருக்குப் பாராட்டு, தவறவிட்டால் அவளுக்கு மெமோ. அவ்வளவு நேர்த்தியான வேலைப் பங்கீடு. வீட்டிலும் அவள் கண் ஓயாது. கணவன் புதுச் சட்டை எடுத்தால் பில்லையும் சேர்த்தே கொண்டுவந்து காட்டிவிடுவான், பாவம்.

ஒருநாள் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரின் கணக்கு அவளை உறுத்தியது. முதலில் கைப்பேசி எண் மாறியிருந்தது, பின்னாலேயே முகவரி. அந்தப் புது முகவரிக்குப் புது கார்டும் கேட்டாகிவிட்டது. மளிகையும் மாத்திரையும் தவிர எதுவும் வாங்கியறியாத மனிதர் இப்போது சென்ட், ஓட்டப்பயிற்சி ஷூ, தலைச்சாயம் என்று அள்ளிக்கொண்டிருந்தார். பயிற்சி வகுப்பில் சொன்ன அறிகுறிகளில் ஒன்றுகூட பாக்கியில்லை.

கணக்கை முடக்கினாள். புது எண்ணை அழைத்தால் திருடனே எடுத்து நலம் விசாரிப்பான் என்பதால், பழைய வீட்டு எண்ணை அழைத்தாள். வாத்தியாரின் மனைவி எடுத்தார்.

"சார் இருக்காரா மேடம்? பேங்க்லேருந்து பேசறேன்."

"தம்பி வீட்டுக்குப் போயிருக்காரு. என்ன விஷயம்?"

"அவர்கிட்டதான் சொல்ல முடியும் மேடம்."

"அப்படியா" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வாத்தியாரே நேரில் வந்து நின்றார். அடையாள அட்டையில் வெள்ளைத் தலை, நேரில் கருகருவென்று.

"நான்தாம்மா நான். எதுக்கு முடக்கினீங்க?"

"திறக்கணும்னா நீங்க குடுத்து வச்ச ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லணும் சார். உங்க கல்யாண நாள் என்ன?"

வாத்தியார் மின்விசிறியைப் பார்த்தார். ஆயுசு முழுக்கக் கணக்குப் போட்டவருக்கு வருடம்கூட வரவில்லை.

மேலாளர் ஓடிவந்தார். "பழைய கஸ்டமர்மா. விட்டுடு."

"விட்டுடறேன் சார். எழுத்துல குடுத்துடுங்க."

மேலாளருக்கு உடனே வேறு அவசர வேலை முளைத்தது.

வேறு வழியில்லாமல் வாத்தியார் அங்கேயே உட்கார்ந்து மனைவியை அழைத்தார். "நம்ம கல்யாண நாள் என்னிக்கு?" என்றார் தாழ்ந்த குரலில்.

"இது யாரோட நம்பர்?" என்று மனைவி கேட்டது மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்டது. வாத்தியார் அவசரமாக அழைப்பைத் துண்டித்தார்.

கைரேகை ஒத்துப்போனதால் கணக்கு திறக்கப்பட்டது. திருட்டு இல்லை. அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அடுத்த வாரம் வாத்தியாரின் மனைவி வந்து, தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு வேண்டும் என்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள்.

மேலாளருக்கு மட்டும் வாயெல்லாம் பல். "பார்த்தியா, புதுக் கணக்கு. கஸ்டமரை அனுசரிச்சுப் போனா எப்படி வியாபாரம் வளருது பாரு."