கேமராவில்தான் கோளாறு

கேமரா விற்பது பெரிய வேலை இல்லை. விற்ற கேமராவை வாங்கியவர் கைக்குப் பழக்கிவிடுவதுதான் வேலை. கடைக் கவுன்டருக்குப் பின்னால் நாளெல்லாம் நின்று கால் வீங்கியவர்களும், தங்களுக்கே சரியாகத் தெரியாத பொருளைத் தெரிந்த மாதிரி அடுத்தவருக்கு விளக்கியவர்களும் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்கள் அடுத்த முறை கடைக்குப் போகும்போது எங்களிடம் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் போதும்.

டெமோ மாஸ்டர்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வேலை தேடி வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு பி.ஏ. பட்டமும் எங்கள் சபைப் போதகர் எழுதிக் கொடுத்த நன்னடத்தைக் கடிதமும்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டிவி, மிக்ஸி விற்கும் ஒரு கடையில் சேர்ந்தேன். உள்ளங்கை அளவு டிஜிட்டல் கேமராக்கள் அப்போதுதான் கடைக்கு வரத் தொடங்கியிருந்தன. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைகளும், குவைத்துக்கு டிரைவராகப் போன வீட்டுக்காரர்களும் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் ஒரு கேமரா வாங்கி, அவர்கள் பார்க்க முடியாமல் போன கல்யாணத்தையும் காதுகுத்தையும் படம் எடுத்து அனுப்புவது வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக முதலாளி என்னைக் கேமரா கவுன்டரில், வாங்குபவர்களுக்கு இயக்கிக் காட்டும் டெமோ மாஸ்டராக நிறுத்தினார். அவர் தெலுங்குக்காரர், ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிக்கும் போய்வருவார். பெட்டிக்குள் இருந்த கையேட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, பாதிக்கு மேல் எனக்கே புரியவில்லை என்று அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கணக்கில்லாமல் வெற்றிலை போடுகிறவர். வாயில் இருந்ததை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "நீக்கு புரியலன்னா பரவால்ல சாமுவேல், அது வர்ற பார்ட்டிக்குத் தெரியக்கூடாது, அந்தே, அவ்ளோதான்!"

பூ குறி

அந்தக் கேமராவின் தலையில் ஒரு சக்கரம் இருக்கும். அதைச் சுற்றி மலை, பூ, ஓடுகிற ஆள் என்று சின்னச் சின்னக் குறிகள். முதலாளி சொன்னபடி நான் தயங்காமல் விளக்கினேன். மலை என்றால் ஊர் சுற்றப் போகும்போது, ஓடுகிற ஆள் என்றால் விளையாட்டுக்கு, பூ என்றால் கல்யாணம் காட்சிக்கு. கேட்டவர்கள் எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். எனக்கும் திருப்திதான்.

சூளூர்பேட்டையில் மோட்டார் மெக்கானிக்காக இருந்த ஒருவர் தங்கை கல்யாணத்துக்காகக் கேமரா வாங்கிப் போனார். இரண்டு நாளும் பூ குறியை மாற்றாமல் எடுத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து வந்து கவுன்டரில் கேமராவை வைத்தார். அவர் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போதே கையேட்டைப் புரட்டினேன். பூ குறி, ஒரு பொருளுக்கு வெகு கிட்டே போய் எடுப்பதற்கானது. தள்ளி நின்றால் எல்லாம் மங்கிவிடும். அன்றைக்கு அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டிவிட்டுச் சொன்னார்: "கிட்ட வச்சி எடுத்த மாலைல பூவ ஒண்ணொண்ணா எண்ணலாம் சார், மேடைல நின்னுகினு இருந்தது எந்த மாப்பிள்ளைன்னுதான் எங்க வூட்ல சண்டை."

நெற்றி எது?

எங்கள் பக்கத்தில் புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டார்கள். டிராக்டருக்கும் உண்டு, ஃபிரிட்ஜுக்கும் உண்டு. சந்திரகிரியிலிருந்து வந்த ஒரு பெரியவர், படமெல்லாம் சிவப்பாக மூடிக்கொண்டு விழுகிறது, கேமராவில்தான் கோளாறு என்று பில்லோடு வந்து நின்றார். வாங்கிப் பார்த்தேன். லென்ஸ் நடுவில் அழகாக ஒரு பொட்டு.

துணியால் துடைத்துக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து யார் எந்தப் புகாரோடு வந்தாலும் முதலில் லென்ஸைத் துடைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். கோளாறு எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும், அதைத் தீர்ப்பவன் நான்தான் என்ற நினைப்பு எனக்கு அங்கேதான் ஏறியது. பெரியவரிடம் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன், பொட்டு வைக்க வேறு இடம் கிடைக்கவில்லையா என்று. அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு நெத்தி எதுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்குதா சார்?"

ஒரு கண் மட்டும்

ரேவதிக்கு வரதய்யபாளையத்துக்குப் பக்கத்து ஊர். அவளுடைய வீட்டுக்காரர், வயிற்றில் குழந்தை ஐந்து மாதமாக இருக்கும்போது குவைத்துக்கு டிரைவராகப் போனவர். மகள் பவித்ராவுக்கு ஒன்றரை வயது. அப்பா இன்னும் நேரில் பார்த்ததில்லை. வாரம் ஒரு படமாவது நெட் சென்டரிலிருந்து அனுப்ப வேண்டும் என்றுதான் கேமராவே வாங்கினாள். வாங்கிய அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டில் எல்லாக் குறிகளையும் வரைந்து, பக்கத்தில் அர்த்தம் எழுதிக்கொண்டாள். என்னிடம் கற்றவர்களில் அவளைப் போல் கெட்டிக்காரி யாரும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, காளஹஸ்தியில் பஸ் மாறி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் குழந்தைக்கு ஒரு கண் சிவப்பாக விழுகிறது, இன்னொரு கண் வெள்ளையாக விழுகிறது என்றாள். நான் லென்ஸைத் துடைத்தேன். அப்புறம் கண் படம் போட்ட ஒரு குறியைக் காட்டினேன். அதைப் போட்டால் ஃபிளாஷ் இரண்டு தடவை அடிக்கும். முதல் வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடும், அதனால் கண் சிவக்காது. அங்கேயே ஒரு படம் எடுத்தேன். இரண்டு கண்ணும் கருகருவென்று அழகாக இருந்தன. கெட்டுப்போன படங்கள் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று, பழைய பதினொரு படங்களையும் நானே அழித்துக் கொடுத்தேன். ரேவதி பெருமூச்சு விட்டாள்: "அப்பாடா, பாப்பாவோட நைனா பாத்திருந்தா அங்க துன்னாம தூங்காம பயந்துகினு இருந்திருப்பாரு சார்."

பேட்டரி மாற்றிய பிறகு

இரண்டு மாதம் போயிருக்கும். மறுபடி வந்தாள். பேட்டரி தீர்ந்து புதிது போட்டதில், செட்டிங் எல்லாம் பழையபடி திரும்பிவிட்டது. அதைக் கவனிக்காமல் எடுத்த படங்களில் மறுபடி அதே வெள்ளை. பெட்டி, பில், கேரண்டி அட்டை எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். கேமராவை மாற்றிக் கொடுங்கள் என்றாள். கேட்டது நியாயம்தான்.

அவள் கேமராவில்தான் குற்றம் என்று காட்ட, ஷோகேஸிலிருந்து வேறு கம்பெனி கேமரா ஒன்றை எடுத்துக் குழந்தையைப் படம் பிடித்தேன். வலது கண் சிவப்பு, இடது கண் வெள்ளை. மூன்றாவதாக ஒன்றை எடுத்தேன். அதிலும் அப்படியே. ரேவதியை நிற்கவைத்து எடுத்தேன். அவளுக்கு இரண்டு கண்ணும் சிவப்பாகவே விழுந்தன. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

முதலாளி எழுந்து வந்து மூன்று கேமராக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். யாரையும் எதையாவது வாங்கவைக்காமல் அனுப்பாதவர், அன்றைக்கு நேராக வெளியே போய், கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார். ரேவதி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குழந்தை ஷோகேஸ் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. ரேவதி கேட்டாள்: "அப்ப கேமரா மேல தப்பு இல்லியா சார்?"

அழித்த படங்கள்

குழந்தையின் கண்ணுக்குள் கட்டி. இங்கே பார்த்துவிட்டு, உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். எத்தனை நாளாக வெள்ளை தெரிகிறது என்று டாக்டர் கேட்டதற்கு, கேமராவில் முதல் படம் இருக்கும் என்று ரேவதி நம்பிக்கையோடு தேடியிருக்கிறாள். நான் அழித்த பதினொன்றில் அதுவும் போயிருந்தது. பேட்டரி மாற்றிய பிறகு எடுத்தவை போக மிச்சம் இருந்தவை, நான் போட்டுக்கொடுத்த குறியில் எடுத்த இரண்டு மாதப் படங்கள். எல்லாவற்றிலும் கருகருவென்று நல்ல கண். உயிரைக் காப்பாற்ற இடது கண்ணை எடுத்துவிட்டார்கள் என்று அவள் தம்பி கடைக்குப் போன் செய்து சொன்னான்.

முன்பே போயிருந்தால் கண் தங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அந்தக் குழந்தைக்காக ஜெபம் செய்யச் சொல்லி எழுந்து நின்றேன். என் பங்கைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். கடையில் முதலாளியிடம்தான் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன், இல்லை, சமாதானம் சொல்வார் என்றும் நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. "தெரியலன்னு ஒரு மாட்ட, ஒரு வார்த்த, நீ சொல்லியிருக்கலாம் சாமுவேல்," என்றார், "நான்தான் உன்ன சொல்ல விடல."

ரேவதி வந்த நாள்

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து ரேவதி கடைக்கு வந்தாள். வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்து, மகளை முதல் தடவையாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். பவித்ரா கடை முழுக்க ஓடினாள். செயற்கைக் கண் வைத்திருந்தார்கள், சொன்னால்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சென்னைக்குப் போய் இன்னொரு கண்ணைக் காட்டிவர வேண்டும், இதுவரை நன்றாக இருக்கிறது என்றாள்.

இந்தத் தடவை சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்தக் குறியைப் போட்டு மறைச்சது நான்தாம்மா, படத்தை அழிச்சதும் நான்தான்" என்றேன். நோட்டில் அந்தக் கண் படத்தை வரைந்து பக்கத்தில் 'நல்லது' என்று எழுதியது தன் கைதான் என்றாள் அவள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க நான் யார்? பிறகு பையிலிருந்து கேமராவை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஓரம் தேய்ந்து, கயிறு மாற்றியிருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தக் கண்ணு குறிய இனிமே வராத மாதிரி எடுத்துடுங்க சார், இருக்கிற ஒரு கண்ணு செவப்பாத்தான் வுழுதான்னு நான் வாரா வாரம் பாக்கணும்."

இப்போது கேமரா போய்ச் செல்போன் வந்துவிட்டது, நானும் அதே கவுன்டரில்தான் நிற்கிறேன், கோளாறு என்று யார் வந்தாலும் முதலில் சாமானைப் பார்க்காமல் கொண்டுவந்த ஆளைப் பார்க்கிறேன், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிடுகிறேன், வியாபாரம் கொஞ்சம் குறைச்சல்தான்.