தெளிவில்லை என்று எழுதிய மஞ்சள் அட்டை

"மழை. இரண்டாம் பாதி. மஞ்சள் அட்டை, யாருக்கென்று தெளிவில்லை."

மூன்று வருடங்களுக்கு முன், பெப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் நாட்குறிப்புப் பக்கத்தில் நான் எழுதிய வரி. இடம், இத்தாலியின் பலெர்மோ நகரில் பல்கலைக்கழக மைதானம். மழையும் இரண்டாம் பாதியும் உண்மை. மற்றது பொய்.

அதே நகரின் லிபெர்த்தாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா ஒருவர், வீட்டில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் வங்கியிலிருந்து அவருக்கு வரும் நாட்குறிப்பேடு என் கைக்கு வந்துவிடும். மகள் பல்கலைக்கழகப் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் கோல் காப்பாளராகச் சேர்ந்ததும் குறிப்பேடும் மைதானத்துக்கு வந்தது. நூலகத்தில் புத்தகம் எடுத்து விதிகளைப் படித்தேன். எத்தனையாம் நிமிடத்தில் கோல், யாருக்கு அட்டை, காற்று எந்தப் பக்கம், எல்லாம் எழுதுவேன். "உன்ரை அம்மா குழம்புக்கு உப்புப் போட்ட நேரத்தையும் எழுதி வைப்பா" என்று கணவர் மகளிடம் பகிடி பண்ணுவார்.

சில பல்கலைக்கழகங்கள் மட்டும் ஆடும் சின்னச் சுற்றுப்போட்டி அது. நாலு மஞ்சள் அட்டை சேர்ந்தவர் அடுத்த ஆட்டத்தில் ஆடக் கூடாது. அந்தக் கணக்கை ஒவ்வோர் அணியும் தானே வைத்திருக்க வேண்டும். எதிரணி முறையிட்டால்தான் ஏற்பாட்டாளர்கள் நடுவரின் அறிக்கையை எடுத்துப் பார்ப்பார்கள். பிழை என்றால் வெற்றி எதிரணிக்குப் போய்விடும். எங்கள் அணிக்குக் கணக்கு என்றால் என் குறிப்பேடுதான்.

அந்த மழை ஆட்டத்தில் மகள் முன்னால் ஓடிவந்து பந்துக்குப் பாய்ந்து, எதிரணிப் பிள்ளை ஒருத்தியை மோதி விழுத்தினாள். நடுவர் அட்டையை உயர்த்தியபோது மகளின் முகம் சேற்றில். பக்கத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரி ஒருத்தி நடுவரோடு வாய் காட்டிக்கொண்டு நின்றாள். அட்டை அவளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நடுவர் குனிந்து மகளின் முதுகு இலக்கத்தைப் பார்த்ததை நான் கண்டேன். பிள்ளை பந்துக்குத்தானே போனாள், இது அநியாயம் என்று மனம் சொன்னது. தெளிவில்லை என்று எழுதினேன். பயிற்சியாளர் அதைத் தடுப்பாட்டக்காரியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அந்த வருடம் பிள்ளைகள் வென்றுகொண்டே போனார்கள். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். சமன் செய்தாலே சம்பியன். படிப்பு முடிவதால் மகளுக்கும் அதுவே கடைசி ஆட்டம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் அவளுக்கு இன்னோர் அட்டை கிடைத்திருந்தது. குறிப்பேட்டின்படி அது மூன்றாவது. எனக்குத் தெரிந்தபடி நாலாவது.

சனிக்கிழமை காலை பயிற்சியாளர் தொலைபேசியில், அட்டைக் கணக்கில் நாளைக்கு யாராவது ஆட முடியாமல் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு மகளும் நானும் கபோ சந்தைக்குப் போனோம். "அம்மா, நாளைக்கு ரெண்டு பேனை கொண்டு வாங்கோ. கனக்க எழுதவேண்டி வரும்" என்று அவள் சிரித்தாள். என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மரக்கறிக் கடைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"நீங்கள் வடிவாக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"அப்ப ஏன் மறைச்சனீங்கள்?"

"நீ பந்துக்குத்தானே போனனீ."

"அதை நடுவரெல்லோ சொல்லவேணும்? நீங்கள் எழுதிற ஆள், அம்மா."

ஒருத்தருக்கும் தெரியாது, பேசாமல் விடுவோமோ என்று கேட்டேன். அப்படிக் கேட்டதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். "இப்ப எனக்குத் தெரியுமே" என்றாள். அங்கேயே நின்று பயிற்சியாளரை அழைத்துத் தானே சொன்னாள். பிறகு மரக்கறிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

வேறு கோல் காப்பாளர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோலில் ஒரு குள்ளமான நடுக்களப் பிள்ளை நின்றாள். அவளுடைய தகப்பன் கபோவில் மீன் விற்பவர். "பந்தை மீன் எண்டு நினைச்சுப் பிடி, நழுவ விடாதை!" என்று அவர் கத்தக் கத்த, முதல் பந்து அவள் கையிலிருந்து நழுவி உள்ளே போனது. நான் நிமிடத்தை எழுதாமல் கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மகள் குறிப்பேட்டையும் பேனையையும் வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் சமன் செய்தோம். கடைசி நிமிடத்தில் வந்த பந்தின் மேல் அந்தப் பிள்ளை விழுந்து, ஊதல் கேட்கும்வரை எழும்பவே இல்லை. சம்பியன்! மகள் சாதாரண உடுப்போடு ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். நான் தடுப்பாட்டக்காரியைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அண்டைக்கு என்ரை வாய்க்கு ஓர் அட்டை தரத்தான் வேணும், சிஞ்ஞோரா" என்று அவள் சிரித்தாள்.

அந்த ஆட்டத்தின் பக்கம் மகளின் கையெழுத்தில் இருக்கிறது. தன் உற்ற சிநேகிதி வாங்கிய மஞ்சள் அட்டையையும் நிமிடத்தோடு எழுதியிருக்கிறாள்.

எதிரணி முறையிடவில்லை. அதனால் நடுவரின் அறிக்கையை யாரும் எடுத்துப் பார்க்கவுமில்லை. அவர் மகளின் இலக்கத்தைப் பார்த்தது மட்டுமே எனக்குத் தெரியும். எந்த இலக்கத்தை எழுதினார் என்பது தெரியாது. தடுப்பாட்டக்காரியின் இலக்கம் என்றால், என் மகள் தன் கடைசி ஆட்டத்தை வீணாக இழந்தாள். ஏற்பாட்டாளர்களின் அலுவலகம் பொலிதேயாமாச் சதுக்கத்தில், நான் பேருந்து மாறும் இடத்துக்குப் பக்கத்தில்தான். படியேறிக் கேட்க இன்னும் துணியவில்லை. பெப்ரவரிப் பக்கத்தின் பழைய வரியை வெட்டாமல், திருத்திய நாளைப் போட்டு, கீழே இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "நான் கண்டது, மகளுக்கு. நடுவரின் அறிக்கையோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்தவில்லை."