பரிசுப் பிள்ளைக்குப் பாலூட்டிய எங்கள் அம்மா

எங்கள் அம்மா புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்தவர். அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே அப்பாவைக் கைப்பிடித்தார். தம்பி பிறந்த மாதமே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். கண்டியில் ஒரு கடை முதலாளி வீட்டுக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஆள் தேவையென்று கங்காணி அம்மாவை அனுப்பிவைத்தார். சொந்தப் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது என்பது முதலாளியம்மாவின் கட்டளை.

தம்பி, வேலைக்குப் போவோர் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கஞ்சித் தண்ணீர் குடித்துக் கிடந்தான். பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா தம் பிள்ளைக்குக் கொடுத்தது போக அவனுக்கும் பால் கொடுத்தார். அது போதவில்லை. தம்பி இறந்த செய்தி வந்த அன்றும், அந்த வீட்டுப் பிள்ளையைப் பசியாற்றிய பிறகுதான் அம்மாவைப் புறப்பட விட்டார்கள்.

கண்டிக்குத் திரும்பிப் போகும்போது அம்மா என்னையும் அழைத்துப் போனார். அதனால் அங்கே நடந்த குழந்தைக் கண்காட்சியை நானே பார்த்தேன். கொழுகொழுவென்றிருந்த அந்தப் பிள்ளைக்குத்தான் முதற்பரிசு. முதலாளியம்மா அம்மாவின் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு மேடையேறினார். பிள்ளை வீரிட்டு அம்மாவிடம் தாவியது.

"ஏய் ஆயா, அது கண்ணுல படாம அங்கிட்டுப் போ!"

அம்மா போய்ச் சுவரோரம் நின்றார். சேலை முன்புறம் பாலால் நனைந்திருந்தது. சபை 'நல்ல தாய்' என்று முதலாளியம்மாவுக்குக் கைதட்டியது. அந்தப் பெயரை வைத்தே அவர் பின்னர் மாதர் சங்கத் தலைவியானார்.

அம்மா ஊரார் துணி துவைத்து என்னைப் படிக்கவைத்து ஆசிரியையாக்கினார். கெலிஓயாவில் என் மடியில் கண்மூடும்வரை யாரையும் கடிந்து பேசியதில்லை. அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. வாய்க்க வேண்டுமென்று நான் வேண்டியதும் இல்லை.

சென்ற மாதம் முதலாளியம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"ஒங்கம்மாவ எங்க வீட்டுல ஒருத்தியாத்தானே வச்சிருந்தோம். தெவசத்தன்னிக்கு நானே வந்து ரெண்டு வார்த்தை பேசுறேன். சங்கத்துக்கும் பெருமை."

"கட்டாயம் வாங்கம்மா. முன் வரிசையில ஒங்களுக்குக் கதிரை போட்டு வைக்கிறேன்" என்றேன். அன்றிரவே திவசத்துக்கான இந்த நினைவு மலரை எழுதி அச்சுக்குக் கொடுத்தேன்.

தம்பிக்குப் பால் தந்த செல்லாயி அக்காவுக்கும், அம்மாவின் கடைசி நாள்களில் இரவு பகல் பாராமல் துணையிருந்த கெலிஓயா அயலவர்க்கும், இன்று வந்து அமர்ந்திருக்கும் உற்றார் உறவினர்க்கும் எங்கள் கைகூப்பு. மலரை எல்லோரும் வாசித்து முடிக்கும்வரை சபையை அமைதியாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாசித்துவிட்டீர்களா? இனி முதலாளியம்மா எழுந்து தாய்மையைப் பற்றிப் பேசலாம்.